தீனம் பார்க்க வந்த ஆரஞ்சுகள்

அக்கா,

நேற்று மத்தியானம் அமரவிளை ஜங்ஷனில் பழக்கடை முன்னால் நின்றேன். எதிர்வீட்டு டீச்சருக்கு முட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டும். "தீனம் பாக்கப் போறேன், என்ன உண்டு?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரர் தராசில் ஆரஞ்சை அள்ளிப் போட்டுவிட்டார். சுகமில்லாதவரைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னாலே நம் ஊர்ப் பழக்கடைக்காரர்களின் கை தானாக அந்தக் குவியலுக்குத்தான் போகும். ஒரு பழத்தில் அவர் நகம் பட்டு மணம் மேலே வந்தது.  அழுகை வந்தால் நான் கோபப்படுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். "நான் ஆரஞ்சு கேட்டேனா?" என்று கத்திவிட்டேன். அந்த மனுஷர் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்து வைத்தார். கடைசியில் ஒரு சீப்பு ஏத்தன்பழத்தோடு டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. உங்கள் வீட்டுக்கு வந்த ஆரஞ்சுகளைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. பேசக்கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். உங்களிடம் பேசலாம் அல்லவா? அதனால் எழுதுகிறேன்.

முதல் ஆரஞ்சைக் கொண்டு வந்த புண்ணியவதி நான்தான். நெய்யாற்றின்கரையில் முதல் தடவை டயாலிசிஸ் முடிந்து நீங்கள் வீடு திரும்பிய அன்றைக்கு, என் ஜெராக்ஸ் கடையை அரை மணி நேரம் அடைத்துவிட்டு ஒரு கிலோ வாங்கி வந்தேன். இரண்டு கையாலும் வாங்கினீர்கள். மூக்கின் அருகே கொண்டுபோய் மூச்சை இழுத்து, "நல்ல பழமாக்கும்" என்று மேசைமேல் வைத்தீர்கள். "தின்னுங்க அக்கா" என்றேன். "பொறவு தின்னுதேன்" என்றீர்கள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் உங்களோடு நானும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அங்கே அந்த நர்ஸ் பெண் உங்கள் கையில் ஊசியை ஏற்றிக்கொண்டே, "சேச்சி, இளநீரும் ஓறஞ்சும் தொடவே பாடில்லா, கேட்டோ" என்றாள். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அந்தப் பழங்களின் பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் தேங்கிவிடும், அளவு கூடினால் நெஞ்சு துடிப்பதே நின்றுபோகும் என்று எனக்கும் சேர்த்து விளக்கினாள். அன்று ஆட்டோவில் திரும்பி வரும்போது பழைய செக்போஸ்ட் தாண்டும் வரை நான் வாய் திறக்கவில்லை. என் ஆயுளில் அதுவே நீளமான மௌனமாக இருக்கும்.

பிறகு திறந்தேன். "எனக்கிட்ட ஏன் செல்லல்ல?"

"நீ ஆசையா கொண்டு வந்த. ஆசைய எப்பிடி மக்கா திருப்பித் தாறது?"

"சரி, இனி வாறவங்க எல்லார்கிட்டயும் நான் செல்லுதேன். ஒருத்தரும் ஆரஞ்சு கொண்டு வராண்டாமெண்ணு."

"செல்லாத." உங்கள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "ஏட்டி, தீனக்காரிக்கு வேற என்னத்தக் கொண்டு போறதுண்ணு அவியளுக்குத் தெரியாது. ஆரஞ்சு பாடில்லண்ணு கேட்டா வெறுங்கையா வர வெக்கப்படுவாங்க. இண்ணைக்கு வேண்டாம், நாளைக்குப் போலாமெண்ணு நினைப்பாங்க. பொறவு வராமலே இருந்திருவாங்க. எனக்கு ஆளு வரணும், கேட்டியா."

 உங்கள் வீட்டில் யார் இருந்தார்கள்? தையல்காரராக இருந்த உங்கள் கணவர் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. பெருங்கடவிளையில் இருந்த கூடப்பிறந்த அண்ணன், நீங்கள் சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்ட நாளோடு எனக்குத் தங்கச்சி இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. என் கடைக்கும் உங்கள் தையல் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர் என்பதால் எனக்கு உறவும் இல்லாத உரிமையும் இல்லாத ஒரு இடம் கிடைத்திருந்தது. யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று அந்த ஆட்டோவிலேயே ஒத்துக்கொண்டேன்.

ஆட்களும் வந்தார்கள். எத்தனை பேருக்கு நீங்கள் ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருப்பீர்கள். பாறசாலையிலிருந்து, கள்ளிக்காட்டிலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். எல்லார் கையிலும் அதே கவர், அதே பழம். ஜெபக் கூட்டத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து வந்த அன்றைக்கு, நீங்கள் துணி வெட்டும் மேசைமேல் ஆரஞ்சு மலை ஒன்று எழுந்தது. அவர்கள் போனதும் அதன் முன்னால் நின்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஜாக்கெட் துணியை விரித்துப் போட்டு எங்கே கத்தரி வைக்கலாம் என்று பார்ப்பீர்களே, அந்தப் பார்வையில் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதைக் காலிசெய்வது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. மறுநாள் நீங்கள் தூங்கும் நேரம் ஒரு கவரை எடுத்து, தபால் ஆபீஸ் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எனக்குக் கூடுதலாக வந்தது" என்று கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவள் உங்களைப் பார்க்க வந்தாள். கையில் அதே கவர். நீங்கள் தையல் மிஷின் சிவப்பு நூலால் கவரின் வாயைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டிருந்தீர்கள், அவள் அதைக்கூட அவிழ்க்கவில்லை. அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எதுக்கு இதெல்லாம்" என்று அவளிடம் அன்பாகச் சொன்னீர்கள். அவள் படி இறங்கியதும் என்னைப் பார்த்தீர்கள். எனக்கு ஓடிப்போக வழியில்லை.

"இனி ஒரு பழமும் உருவம் மாறாம இந்த வீட்ட விட்டு வெளிய போகப்பிடாது."

இதை நீங்கள் சொன்னபோது நான் விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் காலத்தே என்னைக் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னீர்கள்.

உங்கள் இடது கையில் பாரம் தூக்கக்கூடாது. ஊசி ஏற்றுவதற்காக நரம்பைச் சேர்த்து வைத்திருந்த அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே ஒரு தையல் மிஷின் ஓடுவது போலத் துடிக்கும். அதனால் பானை தூக்குவது, பிழிவது, கிண்டுவது எல்லாம் நான். உட்கார்ந்துகொண்டு கத்தி பிடிப்பது நீங்கள். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் பழங்களைக் கழுவி, நாலாகக் கீறித் தொலியை உரித்துத் தனியாக வைத்தீர்கள். நான் தொலியைக் குப்பைக் கூடையில் போடப் போனேன். "அது துணியில்ல, வெட்டித் தூர எறிய" என்று என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

அந்தத் தொலியை மூன்று தடவை தண்ணீர் மாற்றி வேகவைத்து, பொடியாக அரிந்து, புளியும் இஞ்சியும் பச்சைமிளகாயும் கருப்பட்டியும் சேர்த்துக் கறுப்பாக வற்றவைத்தோம். சோற்றில் ஒரு துளி தொட்டுக்கொண்டால் புளியிஞ்சி தோற்றுப்போகும். சாற்றைக் கொதிக்கவைத்தால் கசந்துவிடும் என்பதால் சீனிப்பாகை மட்டும் காய்ச்சி ஆறவைத்து, அப்புறம் சாற்றை ஊற்றி பாட்டிலில் அடைத்தோம். விதைகளையும் வெள்ளைத்தொலியையும் லைனிங் துணியில் மூட்டை கட்டி ஜாம் கொதிக்கும் பாத்திரத்தில் தொங்கவிட்டீர்கள். ஜாம் இறுகுவது அந்த மூட்டையால்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் கேக்குக்காகத் தொலியைச் சீனிப்பாகில் ஊறவைத்து, மொட்டைமாடியில் வலைத்துணி போர்த்தி உலர்த்தினோம். சுளையைத் தோலுரித்துப் போட்டு மோர் விட்டு ஒரு புளிசேரி வைத்தோம். ரசத்தை இறக்கின பிறகு ஒரு கை சாறு விட்டோம். மிஞ்சிய தொலியை வெயிலில் காயவைத்து அரைத்தால், அளவு கொடுக்க வரும் பெண்களுக்கு முகத்தில் போட ஒரு பொட்டலம். சாளை மீன் கழுவிய என் கை நாற்றத்துக்கும் அந்தத் தொலிதான் மருந்து.

இவ்வளவும் கைப்பக்குவம் என்று சொல்லி யாரும் பாராட்டிவிடலாம். எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிவது அதற்காக அல்ல. இதில் ஒரு துளிகூட உங்கள் நாக்கில் பட்டதில்லை. உப்பு உங்களுக்கு அளவு. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். உதடு வெடித்திருக்கும், கைவிரல்களுக்கு இடையில் ஆரஞ்சுச் சாறு வழிந்துகொண்டிருக்கும். அப்படி வழிந்தால் யாருடைய விரலும் தானாக வாய்க்குப் போகும். உங்கள் விரல் போனதில்லை. நான் வேண்டுமென்றே பார்த்துக்கொண்டிருந்தேன், என்றாவது போகும் என்று. நீங்கள் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து அடுத்த பழத்தை எடுப்பீர்கள். நானாக இருந்தால் முதல் நாளே அத்தனையையும் தின்று செத்திருப்பேன். அப்படியே உங்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

"நீ எனக்க நாக்காக்கும்" என்றீர்கள்.

அது சும்மா சொன்னதில்லை. கரண்டியில் எடுத்து என் வாயில் போட்டுவிட்டு விசாரணை தொடங்கும்.

"கசப்பு முதல்ல வருதா, பொறவு வருதா?"

"பொறவு."

"நாக்குக்க நுனியிலயா, தொண்டையிலயா?"

"தொண்டையில."

"அப்போ வெள்ளைத்தொலி பாக்கி நிக்குது. இன்னொரு வெள்ளம் மாத்தி வேவிச்சு எடு."

ஒரு தடவை எனக்குப் பசி, கடையில் வேறு ஆள் காத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அடித்துவிட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்து, "உனக்க புருவம் வேற செல்லுது" என்றீர்கள். மறுபடியும் ருசி பார்த்தேன். இஞ்சி கூடிப்போயிருந்தது. என் புருவத்தைப் பார்த்து இஞ்சி கண்டுபிடிக்கிற ஒரு மனுஷியோடு எப்படி மல்லுக்கட்டுவது?

பாட்டில்கள் எல்லாம் திரும்பி அவரவர் வீட்டுக்கே போயின. பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது ஜாமோ தொலிக்கூட்டோ ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவீர்கள். தாங்கள் கொண்டுவந்த பழத்தைத் தாங்களே தின்றுவிட்டு, அடுத்த வாரம் வந்து "அந்த ஜாம் நல்லா இருந்துது கேட்டோ" என்று சொல்லி இன்னொரு கிலோ ஆரஞ்சை வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு உள்ளுக்குள் எரியும். உங்களுக்கோ அவர்கள் மறுபடி வந்ததே பெரிய சந்தோஷம்.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். முற்றத்தில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, நரைத்த மீசை, வெயிலில் சிவந்த முகம். கையில் ஒரு கவர். நான் அவரை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் மூக்கு உங்கள் மூக்கு. நீங்கள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தீர்கள்.

"அண்ணன் உள்ள வாங்க" என்றீர்கள், போன வாரமும் வந்து போனவரிடம் சொல்வது போல.

அவர் வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. "ரப்பர் வெட்டு எல்லாம் நிண்ணு போச்சு", "மழை சரியில்ல" என்று என்னென்னவோ சொன்னார்.  உங்கள் கையைப் பார்த்ததும் கவரைப் பிரித்து ஒரு ஆரஞ்சை எடுத்தார். தொலியை உரித்தார். சுளை ஒன்றைப் பிய்த்து, அதன்மேல் இருந்த வெள்ளை நாரை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தார். வெகுநேரம் ஆயிற்று.

"நாரு இருந்தா நீ துப்பிருவ" என்றார். அவருக்கு உங்கள் சின்ன வயசு அப்படியே நினைவிருந்தது.

சுளையை உங்கள் வாய்க்கு நேரே நீட்டினார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வேண்டாம் என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதைச் சொன்னால் அந்த மனுஷர் எப்படி ஆகிப்போவார் என்று தெரிந்தது. சொல்லாவிட்டால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்றும் தெரிந்தது. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அப்புறம் வாயைத் திறந்து அந்தச் சுளையை வாங்கிக்கொண்டீர்கள்.

எத்தனை மெதுவாக மென்றீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டைக்குள் போகிறவரை. அந்த ஒரு வருடத்தில் வந்த பழங்கள் எல்லாம் அந்த ஒன்றுக்குள் இருந்தது போல. அவர் இரண்டாவது சுளையின் நாரை எடுக்கத் தொடங்கினார்.

"எனக்குப் போதும் அண்ணா. ஒண்ணே நெறஞ்சு போச்சு. மிச்சத்த இவளுக்குக் குடுங்க. இவதான் எனக்கு எல்லாம் செய்யுது."

அவர் திரும்பி என்னிடம் நீட்டினார். நாரெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாக. நான் மீதிச் சுளைகள் அத்தனையையும் நின்றுகொண்டே தின்றேன். உங்களைப் பயத்தோடு பார்த்துக்கொண்டே தின்றதால் இனிப்பா புளிப்பா என்று என் நாக்குக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அவர் போனதும் நான் வெடித்தேன். "சாவதுக்கா இத்தன நாள் கெட்டுப்பாடா இருந்தீங்க? நாளைக்கு டாக்டர் கேட்டா நான் என்ன செல்லுவேன்?"

நீங்கள் தலையணையில் சாய்ந்துகொண்டீர்கள். "ஒரு சுளை பாடுண்டு ஏட்டி. டயாலிசிஸ் மிஷினுக்கு முந்தின நாள், வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. அந்த நர்ஸ் பொண்ணு டாக்டர்கிட்டக் கேட்டுச் சொன்னா. நாளைக்கு காலத்த மிஷின் உண்டுல்லா."

"எப்போ சொன்னா?"

"போன வருஷம்."

 வாரத்துக்கு ஒரு சுளை தின்னலாம் என்று அனுமதி இருந்தும், அத்தனை ஆரஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வருடமாக ஒன்றைக்கூடத் தொடவில்லையா என்று கேட்டேன்.

"ஒண்ணு தின்னா ரெண்டாவது கேக்கும் நாக்கு. அத எனக்குத் தெரியும். அதுமில்லாம, யாராவது வேண்டப்பட்டவங்க கையால தந்தா மறுக்க முடியாதுல்லா. அதுக்கு வச்சிருந்தேன்."

"அண்ணன் வருவாருண்ணு உங்களுக்குத் தெரியுமா?"

"வருவாரா மாட்டாராண்ணு தெரியாது மக்கா. வந்தா கையில ஆரஞ்சுதான் இருக்கும். அது தெரியும்."

அப்போது நான் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய மலையையோ கடலையோ முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வாய் பேசாமல் நிற்பார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அது ஒரு கட்டிலின் காலடியில் நடந்தது. இருபது வருடம் பக்கத்துக் கடையில் இருந்தும் எனக்கு உங்களைத் தெரிந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். எல்லா வாரமும் ஒரு சுளை, மிச்சம் எனக்கு. ஏழு மாதம் அப்படிப் போனது. பெருமழையோடு வந்த காய்ச்சல் உங்கள் நெஞ்சில் சளியாக இறங்கி நான்கே நாளில் கொண்டுபோனது. அதற்கும் ஆரஞ்சுக்கும் சம்பந்தமில்லை என்று நான் டாக்டரிடம் ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். இல்லாவிட்டால் என்னால் தூங்கியிருக்க முடியாது.

போன மாதம் உங்கள் அண்ணன் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தார். பக்கத்துக் கடையில் இப்போது மொபைல் ரிப்பேர் பார்க்கிறார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. காகிதம் மிஷினிலிருந்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஒரு காரியம் கேக்கணும். ஒவ்வொரு தடவையும் அவ ஒரு சுளைதான் தின்னா. எனக்க மேல வருத்தம் மாறல்லியோ? மனசில்லாமத்தான் தின்னாளோ?"

இரண்டு வருடமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், கூடாததைக் கொடுத்தேனே என்று மீதிக் காலமும் வெந்து சாவார். பொய் சொல்ல எனக்கு வராது, என் புருவம் காட்டிக்கொடுத்துவிடும்.  நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்தேன். அப்படி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அந்த வீட்டுக்கு ஆரஞ்சு கொண்டு வராத ஆளு கெடையாது அண்ணா. நானும் கொண்டு போயிருக்கேன். யார் குடுத்தும் அக்கா ஒரு சுளை தின்னதில்ல. உங்க கையிலருந்து மட்டுமாக்கும் தின்னாங்க."

அவர் என் புருவத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கடை வாசலில், ஆட்கள் போய்வருகிற ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து அழுதார்.